சுபேதாருக்குச் சான்று எழுதியவர்கள்

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் செல்லும் சாலையில் பயணம் செய்வோர் இன்று வயல்களைவிடத் தொழிற்சாலைகளின் மதிற்சுவர்களையே மிகுதியாகக் காண்கின்றனர். அம்மதில்களுள் ஒன்றின் வாயிலில், இராணுவத்தில் முப்பதாண்டுக் காலம் பணியாற்றிச் சுபேதாராக ஓய்வு பெற்ற அன்பர் ஒருவர் காவற்பிரிவின் மேற்பார்வையாளராக இருந்து வருகிறார். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆத் தொழுகை முடிந்தபின் பள்ளிவாசல் திண்ணையில் சற்று நேரம் அமர்ந்து பேசுவது எங்கள் இருவருக்கும் வழக்கமாகிவிட்டது. அவர் என்னை ‘ஹஜ்ரத்’ என்பார். நான் அவரைச் ‘சுபேதார் சாஹிப்’ என்பேன்.

சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் ஒரு நாள் அவர் தம் சட்டைப்பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். ஆண்டுதோறும் தொழிற்சாலையில் நிரப்பப்படும் மதிப்பீட்டுத் தாள் அது. முன்முயற்சி, தலைமைப் பண்பு, நெருக்கடியில் நிதானம் என்று வரிசையாகத் தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண். தலைமைப் பண்புக்கு அவர் பெற்றிருந்தது மூன்று. மதிப்பெண் இட்டவருக்கு வயது இருபத்தாறு என்றும், பிள்ளை நல்ல பிள்ளை என்றும் சொல்லிவிட்டு அவர் சிரித்தார்.

“ஹஜ்ரத், எனக்கு இது புதிதல்ல. பட்டாளத்திலும் இப்படித்தான். ஒரு சிறு பிள்ளை லெப்டினன்டாக எங்கள் கம்பெனிக்கு வந்தது. இரவில் வரைபடம் பார்த்துப் படையை நடத்துவது எப்படி என்று நான்தான் கூடவே நடந்து காட்டினேன். நாலு வருஷம் கழித்து எங்கள் மேஜர் மாற்றலாகிப் போனார். அந்தப் பிள்ளை கேப்டனாகக் கம்பெனியைப் பார்த்துக்கொண்டது. அந்த ஆண்டு என்னைப் பற்றி எழுதியது அதுதான்.”

“என்ன எழுதினார்?” என்று கேட்டேன்.

“அதுதான் இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்கப்புறம் சுபேதார் மேஜர் பதவி எனக்கு வரவில்லை. அதனால்தான் வரவில்லையா, வேறு காரணமா, அதுவும் தெரியாது.”

சுபேதார் மேஜர் பதவி என்பது ஒரு பட்டாளத்தில் ஒருவருக்கே கிட்டுவது. கிட்டினால் மேலும் சில ஆண்டுகள் பணியில் நீடிக்கலாம், ஓய்வூதியமும் கூடும். பெண் மக்களை மணமுடித்துக் கொடுக்கவேண்டிய ஒரு குடும்பத் தலைவருக்கு அச்சில ஆண்டுகள் எத்துணை முக்கியமானவை என்பதை நம் வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. வயதிலும் அனுபவத்திலும் இளையவர் மூத்தவரை எடைபோட்டு எழுதும் இவ்வழக்கம் எங்கிருந்து வந்தது, அதன் நன்மை தீமைகளை வரலாறு எவ்வாறு காட்டுகிறது என்று அன்று தொடங்கிய சிந்தனையே இக்கட்டுரைக்குக் காரணம். அவ்வரலாற்றின் ஒரு பகுதி நாங்கள் அமர்ந்திருந்த திண்ணைக்கு ஒரு நாள் நடைதூரத்துக்குள் நிகழ்ந்தது என்பது பின்னர்தான் எனக்கு உறைத்தது.

முதலில் பெயர்களைப் பார்ப்போம்; அரபு ஓதியவனுக்கு இப்பெயர்கள் வீட்டுப் பிள்ளைகள் போன்றவை. ‘நாயிப்’ என்றால் அரபியில் பிரதிநிதி. ‘ஹவில்தார்’ என்பதில் உள்ள ‘ஹவாலா’ ஒப்படைப்பைக் குறிக்கும் அரபுச் சொல். ‘ஜமேதார்’ என்பதில் இருப்பது நம் ‘ஜமாஅத்’தேதான். ‘சூபா’ என்பது முகலாயர் ஆட்சியில் ஒரு மாகாணம்; ‘சுபேதார்’ என்றால் மாகாணத்தையே கையில் வைத்திருந்த ஆளுநர். வங்காளத்துக்கும் தக்காணத்துக்கும் அதிபதிகளாக இருந்தவர்களின் பட்டப்பெயர், கும்பினியார் காலத்தில் நூறு பேர் கொண்ட கம்பெனியின் இந்தியத் தலைவனுக்கு வந்து சேர்ந்தது. பெயர் அப்படியே இருக்க, பதவி மட்டும் சுருங்கிப்போனது.

இன்றைய இந்திய இராணுவத்தில் நாயிப் சுபேதார், சுபேதார், சுபேதார் மேஜர் என்ற மூன்று நிலையினரையும் ஜே.சி.ஓ. என்கின்றனர். விடுதலைக்கு முன் இவர்கள் வைசிராயின் ஆணை பெற்ற அதிகாரிகள் எனப்பட்டனர். ஜமேதார் என்ற பெயரை 1965இல் நாயிப் சுபேதார் என்று மாற்றினார்கள். சாதாரணச் சிப்பாயாகச் சேர்ந்து, படிப்படியாக ஏறி, இருபதாண்டு அளவில் இந்நிலையை எட்டுகின்றனர். விமானப்படையில் இதே படியில் இருப்பவர்கள் ஜூனியர் வாரண்ட் ஆபீசர், வாரண்ட் ஆபீசர், மாஸ்டர் வாரண்ட் ஆபீசர் என்போர். ஒரகடத்திலிருந்து வண்டலூர்ச் சாலையில் கிழக்கே சென்றால் தாம்பரத்து விமானப்படை நிலையம் தொலைவில் இல்லை. விமானத்தின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டி நரைகண்ட வாரண்ட் ஆபீசர்கள் இத்தகைய நிலையங்களில்தான் இருக்கின்றனர். இன்னொரு புறம், பரங்கிமலையில் 1963இல் தொடங்கப்பட்ட அதிகாரிகள் பயிற்சி நிலையத்தில் ஓராண்டுக்குச் சற்றுக் குறைந்த காலம் பயின்று, இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில் தோளில் நட்சத்திரம் தரித்து வெளிவரும் இளைஞர்கள், அம்மூத்தவர்களுக்கு மேலதிகாரிகளாகின்றனர். இந்த ஏற்பாட்டில் ஓர் அழகும் உண்டு. இளம் அதிகாரி ஜே.சி.ஓ.வைப் பெயர் சொல்லி அழைப்பதில்லை. ‘சாஹிப்’ என்றே அழைக்கிறார். ‘ஸாஹிப்’ என்றால் தோழர். நபித் தோழர்களை ‘ஸஹாபாக்கள்’ என்று நாம் சொல்வதும் அதே வேர்ச்சொல்லிலிருந்துதான்.

ஆனால் தொடக்கத்தில் நிலைமை இவ்வாறில்லை.

கும்பினிப் படையில் இந்தியர் ஒருவரை உண்மையாக எடைபோட்டுப் பார்த்த நிகழ்ச்சி என்று தேடினால் முதலில் தோன்றும் பெயர் முஹம்மது யூசுப் கான். இராமநாதபுரச் சீமையில் மருதநாயகமாகப் பிறந்து இஸ்லாத்தைத் தழுவிய இம்மாவீரர், திருச்சிராப்பள்ளிப் போர்க்களங்களில் தம் திறமையால் உயர்ந்து, கும்பினியின் சிப்பாய்கள் அனைவருக்கும் கமாண்டன்ட் ஆனார். அவரை உயர்த்தியவர் ஸ்டிரிஞ்சர் லாரன்ஸ். வயதிலும் போர் அனுபவத்திலும் மூத்த அத்தளபதி, யூசுப் கானை அலுவலக மேசையிலிருந்து அறிந்தவர் அல்லர்; உணவு வண்டிகளைப் பகைவர் நடுவே அவர் கொண்டுவந்து சேர்த்ததையும், ஒற்றர்களை நடத்திய திறத்தையும் கண்ணாரக் கண்டவர். அதனாற்றான் அவர் எழுதிய பாராட்டு ஐயத்துக்கிடமின்றி இருந்தது. கும்பினி யூசுப் கானுக்குத் தங்கப் பதக்கமும் அளித்தது. 1758 டிசம்பரில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது, கோட்டைக்கு வெளியே நின்று பிரெஞ்சுக்காரரின் முதுகில் ஓயாமல் அடித்துக்கொண்டிருந்தவர் யூசுப் கான். 1759 பிப்ரவரி 9ஆம் நாள் பரங்கிமலையில் நிகழ்ந்த சண்டையில் காலியட் என்ற ஆங்கிலத் தளபதியுடன் அவர் நின்றார். அடுத்த சில நாள்களில் முற்றுகை நீங்கியது. இன்று இளம் அதிகாரிகள் அணிவகுத்து நடக்கும் அதே மலையடிவாரம்தான் அது.

பின்னர் மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் நிருவாகத்தைப் பெற்ற அவர், நவாபுடனும் கும்பினியுடனும் மாறுபட்டு எதிர்த்து நின்றதும், நீண்ட முற்றுகைக்குப் பின் தம்மவராலேயே காட்டிக்கொடுக்கப்பட்டு 1764 அக்டோபர் 15ஆம் நாள் மதுரையில் தூக்கிலிடப்பட்டதும் நம் வாசகர்கள் அறிந்த வரலாறு. இங்கு நான் சொல்லவேண்டியது ஒன்றே. அவருக்குப் பின் சென்னைப் படையில் அவ்வளவு பெரிய பொறுப்பு எந்த இந்தியரிடமும் ஒப்படைக்கப்படவில்லை. அவரது திறமையைக் கண்டு வியந்தவர்களே அத்தகைய திறமையை அஞ்சக் கற்றுக்கொண்டார்கள்.

1780இல் ஹைதர் அலி கருநாடகத்தின்மீது படையெடுத்தபோது, செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்துக்கு அண்மையிலுள்ள பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் திப்பு சுல்தானும் ஹைதரும் சூழ்ந்து அழித்தனர். அந்நாளைப் பற்றி ஆங்கிலேயர் எழுதிய நூல்கள் ஏராளம். பெய்லி, பெயர்ட் முதலிய வெள்ளை அதிகாரிகளின் பெயர்கள் அவற்றில் மீண்டும் மீண்டும் வருகின்றன. அப்படையில் பெரும்பாலோர் சிப்பாய்கள். அவர்களை நடத்தியவர்கள் சுபேதார்களும் ஜமேதார்களும். அவர்களைப் பெயர் சொல்லி நினைத்தவர் மிகச் சிலரே. மதிப்பீடு எழுதும் பேனா ஒருவர் கையில் இருந்தால், பின்னால் வரும் வரலாறும் அவர் கையில் போய்விடுகிறது.

1796இல் கும்பினிப் படைகள் புதிதாக அமைக்கப்பட்டன. ஒவ்வொரு பட்டாளத்திலும் ஐரோப்பிய அதிகாரிகளின் எண்ணிக்கை பெருக்கப்பட்டது. அதுவரை கம்பெனியைத் தன் கையில் வைத்திருந்த சுபேதார், தன் மகனையொத்த வயதுடைய வெள்ளை இளைஞனுக்குக் கீழே இரண்டாம் மனிதரானார். இங்கிலாந்திலிருந்து கப்பலேறி வந்த அவ்விளைஞர்களிற் பலர் பதினாறு, பதினேழு வயதினர். இவ்வூர் மொழி எதுவும் அறியாதவர்கள். எத்துணை ஆண்டு பணியாற்றிய சுபேதாராயினும், நேற்று வந்த என்சைன் என்ற கடைநிலை ஐரோப்பிய அதிகாரிக்கும் அவர் கீழ்ப்பட்டவரே.

பதவி உயர்வு வழங்குவதில் மாகாணப் படைகளுக்குள் ஒரு வேறுபாடு இருந்தது. இது நம் பொருளுக்கு மிக நெருக்கமானது. வங்காளப் படையில் பணிமூப்பு ஒன்றே உயர்வுக்கு வழி. முறை வந்தால் தகுதியற்றவரும் சுபேதார் ஆவார். முறை வரும்போது அவர் தள்ளாத கிழவராயிருப்பார். சென்னைப் படையிலும் பம்பாய்ப் படையிலும் கமாண்டிங் ஆபீசர் தகுதி பார்த்துத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் இருந்தது. மேற்பார்வைக்குச் சென்னை முறையே சிறந்ததாகத் தோன்றும். திறமையுள்ள இளைஞன் காத்திருந்து கிழவனாக வேண்டியதில்லை அன்றோ? ஆனால் தேர்ந்தெடுப்பவருக்குத் தேர்ந்தெடுக்கப்படுபவரின் மொழியும் மனமும் தெரிந்திருந்தால்தான் அது தகுதித் தேர்வு. தெரியாதபோது, அணிவகுப்பில் நிமிர்ந்து நிற்பவரும், கேட்டதற்கெல்லாம் ‘ஆம்’ என்பவரும் தகுதியுடையவராகக் காட்சியளிப்பர். இதன் விலை என்ன என்பது பத்தே ஆண்டுகளில் வேலூரில் தெரிந்தது.

1806ஆம் ஆண்டில் சென்னைப் படைத்தலைவராக இருந்தவர் சர் ஜான் கிரடாக். ஆளுநர் வில்லியம் பெண்டிங்க் பிரபு. அவ்வாண்டு வெளிவந்த புதிய படைவிதிகளின்படி, அணிவகுப்பில் நிற்கும் சிப்பாய் நெற்றியில் சமயக்குறி இடலாகாது, காதணி அணியலாகாது, தாடியை மழிக்கவேண்டும், மீசையையும் ஒரே அளவில் வைக்கவேண்டும். இவற்றோடு புதுவகைத் தலைப்பாகை ஒன்றும் வந்தது. அதில் தோலால் செய்த சின்னம் இருந்தது. பார்வைக்கு அது பறங்கியர் தொப்பியை ஒத்திருந்தது. ஒரே ஆணை முஸ்லிம் சிப்பாயின் தாடியையும் ஹிந்துச் சிப்பாயின் நெற்றியையும் தொட்டது. மே மாதத்திலேயே வேலூரிலிருந்த நான்காம் ரெஜிமென்டின் இரண்டாம் பட்டாளத்தார் தலைப்பாகையை அணிய மறுத்தனர். அவர்களுள் சிலர் விசாரிக்கப்பட்டு, ஒரு முஸ்லிமுக்கும் ஒரு ஹிந்துவுக்கும் தலைக்குத் தொள்ளாயிரம் கசையடி என்று தீர்ப்பாயிற்று. அப்பட்டாளம் வேலூரை விட்டு அகற்றப்பட்டு, வேறொன்று அதனிடத்தில் வந்தது. ஒரகடத்திலிருந்து மேற்கே போகும் சாலை சென்று சேரும் வாலாஜாபாத் அந்நாளில் பெரிய பாசறை. அங்கும் முணுமுணுப்பு எழுந்தது.

ஒரு கேள்வி எழக்கூடும்: கம்பெனிக்குக் கம்பெனி சுபேதார்கள் இருந்தார்களே, அவர்கள் ஏன் மேலதிகாரிகளை எச்சரிக்கவில்லை? தலைப்பாகை பற்றிக் கேட்டபோது ‘ஆட்சேபம் இல்லை’ என்று சொன்ன இந்திய அதிகாரிகள் உண்டு. அவர்களைக் கோழைகள் என்று சொல்லிவிடுவது எளிது. தன் பதவி, தன் மகனைப் படையில் சேர்க்கும் சலுகை, முதுமைக்கான ஓய்வூதியம் ஆகிய அனைத்தும் எவருடைய ஒரு வரியில் தொங்குகின்றனவோ, அவர் முன்னே நின்று, ‘துரையே, உங்கள் ஆணை தவறு’ என்று சொல்ல எத்தனை பேருக்கு நெஞ்சுரம் வரும்? மறுத்தவருக்குத் தொள்ளாயிரம் கசையடி விதிக்கப்பட்டதை அவர்கள் அறிந்தவர்கள்.

ஜூன் மாதத்து நடுவில் முஸ்தபா பேக் என்ற சிப்பாய் தம் தலைவர் லெப்டினன்ட் கர்னல் போர்ப்ஸிடம் சென்று, கோட்டையில் சதி உருவாகிறது என்று அறிவித்தார். போர்ப்ஸ் என்ன செய்தார்? இச்சிப்பாயின் சொல்லை எடைபோடும் பொறுப்பை இந்திய அதிகாரிகளிடமே விட்டார். அவர்கள் கூடி விசாரித்து, ‘இவனுக்குச் சித்தம் கலங்கிவிட்டது’ என்றனர். முஸ்தபா பேக் சிறையில் அடைக்கப்பட்டார். விசாரித்தவர்களிடையே சதியில் பங்குடையோர் இருந்தனர் என்பது பின்னர் வெளியாயிற்று. பல ஆண்டுகள் ஒன்றாகப் பணியாற்றிய தம் சுபேதார்களுள் யார் சொல் உண்மை, யார் சொல் சூது என்று பிரித்தறியும் அளவுக்கு அந்தக் கர்னலுக்கு அவர்களைத் தெரிந்திருக்கவில்லை. அன்றாட நாள்களில் அவர்களின் அறிவுக்கு இடமளிக்காத அமைப்பு, நம்பக்கூடாத ஒரு நாளில் கண்ணை மூடிக்கொண்டு அவர்களை நம்பியது.

ஜூலை 9ஆம் நாள் இரவு நடந்ததும் இதே கதைதான். கோட்டைக் காவலைச் சுற்றிப் பார்க்கவேண்டிய ஐரோப்பிய அதிகாரி அவ்வேலையைச் சுபேதாரிடம் விட்டார். அவர் உடல் நலமில்லை என்று ஜமேதார் ஷைகு காஸிமிடம் விட்டார். ஷைகு காஸிம் சதியின் தலைவர்களுள் ஒருவர்! அவர் சுற்றி வந்து ‘எல்லாம் நலம்’ என்று அறிக்கை கொடுத்தார். ஜூலை 10 விடியுமுன் சிப்பாய்கள் எழுந்தனர். கோட்டைத் தலைவர் கர்னல் பேன்கோர்ட் சுட்டுக் கொல்லப்பட்டார். ஆங்கிலப் படையினர் நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கோட்டையில் திப்பு சுல்தானின் கொடி ஏறியது. ஆற்காட்டிலிருந்து குதிரைப்படையுடன் விரைந்து வந்த கர்னல் கில்லஸ்பி அன்று காலையிலேயே கோட்டையை மீட்டார். பின்னர் நிகழ்ந்த பழிவாங்கலில் நூற்றுக்கணக்கான சிப்பாய்கள் உயிரிழந்தனர். பீரங்கி வாயில் கட்டிச் சுடப்பட்டோரும் உண்டு. முஸ்தபா பேக் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டு 2,000 வராகனும் சுபேதாருக்குரிய ஓய்வூதியமும் பெற்றார். தலைப்பாகை ஆணை திரும்பப் பெறப்பட்டது. பெண்டிங்கும் கிரடாக்கும் 1807இல் பதவியிலிருந்து திரும்ப அழைக்கப்பட்டனர்.

வேலூர்ப் புரட்சியை நம்மவர் விடுதலைப் போரின் முதற்குரலாகப் போற்றுகின்றனர், போற்றத்தக்கதே. திப்புவின் மக்கள் கோட்டைக்குள் இருந்ததும் அதற்கொரு காரணம். நான் இங்கு பார்ப்பது வேறு பக்கம். அறியாதவர் எழுதிய மதிப்பீட்டின்மேல் ஒரு பெரிய படை நின்றுகொண்டிருந்தது. அந்த அறியாமை ஒரே இரவில் வெளிப்பட்டது.

ஆங்கிலேயர் இதிலிருந்து பாடம் கற்றனரா? மெதுவாகவும் அரைகுறையாகவும் கற்றனர். 1837இல் நீண்ட நாள் உண்மையாகப் பணியாற்றிய இந்திய அதிகாரிகளுக்கென்று ஒரு விருதை ஏற்படுத்தி, முதல் வகுப்பினருக்குச் ‘சர்தார் பகதூர்’ என்ற பட்டமும் நாளொன்றுக்கு இரண்டு ரூபாயும், இரண்டாம் வகுப்பினருக்குப் ‘பகதூர்’ பட்டமும் ஒரு ரூபாயும் அளித்தனர். பட்டம் கிடைத்தது, அதிகாரம் கிடைக்கவில்லை. 1857இல் வங்காளப் படை எழுந்தது. சென்னைப் படை பெரும்பாலும் அமைதியாயிருந்தது. அதனை ஆராய்ந்த பீல் குழுவினர் பணிமூப்பு முறையைக் குறைகூறித் தகுதி பார்த்தே உயர்வு தரவேண்டும் என்றனர். அதன்பின் ஒரு பட்டாளத்திலிருந்த ஐரோப்பியர் எண்ணிக்கை மிகக் குறைக்கப்பட்டு, கம்பெனிகளை நடத்தும் பொறுப்பு மீண்டும் இந்திய அதிகாரிகளிடம் வந்தது. அறுபதாண்டுகளுக்கு முன் பறித்ததைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்று சொல்லலாம்.

அதன் பயன் முதல் உலகப் போரில் தெரிந்தது. 1915 ஏப்ரல் 26ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்ர களத்தில் நச்சுப் புகைக்கு நடுவே வெள்ளை அதிகாரிகள் எவரும் எஞ்சாதபோது, சிதறிய வீரர்களைத் திரட்டி இருட்டும்வரை நின்று நடத்தியவர் ஜமேதார் மீர் தஸ்த். விக்டோரியா சிலுவை பெற்ற அவ்வீரர் பின்னர் சுபேதாரானார். ஆயினும் அவரைவிட, பள்ளிப் படிப்பு முடித்துக் கப்பலில் வந்திறங்கும் இரண்டாம் லெப்டினன்ட் ஒருவரே மேலதிகாரி என்ற விதியில் மாற்றமில்லை.

இந்தியர்களை உயர் அதிகாரிகளாக்கும் திட்டம் 1923இல் எட்டுப் படைப்பிரிவுகளில் தொடங்கியபோது ஒரு வினோதம் நிகழ்ந்தது. அப்பிரிவுகளில் சுபேதார், ஜமேதார் பதவிகளைப் படிப்படியாக ஒழித்து, அவ்விடங்களில் இளம் இந்திய அதிகாரிகளை அமர்த்த முடிவு செய்தனர். இந்தியருக்கு உயர்வு என்று ஒரு கையால் கொடுத்து, இந்தியரிலேயே மூத்தவர்களின் இடத்தை மறுகையால் எடுத்தார்கள். டேராடூன் இராணுவக் கல்லூரி 1932இல் தொடங்கிய பின்னரும் இவ்வழக்கு நீடித்து, இரண்டாம் உலகப் போரின் நெருக்கடியில்தான் கைவிடப்பட்டது. சுபேதார் இல்லாமல் படை நடவாது என்பதைப் போர் வந்து உணர்த்த வேண்டியிருந்தது.

இவ்வளவும் படித்தபின், இளையவர் மூத்தவரை மதிப்பிடுவதே தவறு என்று முடிவுகட்டும் எண்ணம் எனக்கு எழுந்தது. அப்போதுதான் உஸாமா (ரலி) அவர்களின் நினைவு வந்து என்னைத் தடுத்தது.

ஹிஜ்ரி 11ஆம் ஆண்டு, கி.பி. 632. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தம் இறுதி நாள்களில் ஷாம் எல்லைக்கு அனுப்பும் படைக்கு உஸாமா பின் ஸைதைத் தலைவராக்கினார்கள். அவருக்கு வயது இருபதைத் தாண்டவில்லை. விடுதலை செய்யப்பட்ட ஓர் அடிமையின் மகன். அவர் தந்தை ஸைத் (ரலி) முஃதா களத்தில் தலைமையேற்று வீரமரணம் எய்தியவர். உமர் (ரலி) போன்ற மூத்த ஸஹாபாக்கள் அப்படையில் சாதாரண வீரர்கள். முணுமுணுப்பு எழுந்தது. நாயகம் (ஸல்) அவர்கள் நோயுற்ற நிலையிலும் வெளியே வந்து, முன்பு இவர் தந்தையின் தலைமையையும் நீங்கள் இப்படித்தான் குறைகூறினீர்கள், தந்தையும் தகுதியுடையவரே, மகனும் தகுதியுடையவரே என்ற கருத்தில் பேசினார்கள். அவர்கள் மறைந்தபின் அபூபக்கர் (ரலி) அப்படையை வழியனுப்பியபோது, இளைஞர் உஸாமா குதிரைமேலும் முதியவரான கலீபா கால்நடையாகவும் சென்றனர். தமக்குத் துணையாக உமரை மதீனாவில் விட்டுச்செல்ல அனுமதிக்க முடியுமா என்று கலீபா அவ்விளைஞரிடம் கேட்டார், ஆணையிடவில்லை. உமர் (ரலி) கலீபாவான பின்பும் உஸாமாவைக் கண்டால் ‘அமீரே’ என்று அழைத்து வந்ததாக வரலாறு கூறுகிறது.

ஆகவே வயது அளவுகோல் அன்று. உஸாமா அந்த மூத்தோரின் மடியில் வளர்ந்தவர். அவர்களின் மொழி, பண்பு, தியாகம் யாவும் அறிந்தவர். வேலூரின் என்சைனுக்கு இவற்றுள் ஒன்றும் இல்லை.

மற்றோர் எடுத்துக்காட்டும் எங்கள் மதரஸாப் பாடத்திலிருந்தே தருகிறேன். ஹதீஸ் அறிவிப்பாளர்களை நம்பத்தக்கவர், நம்பத்தகாதவர் என்று பிரிக்கும் ‘ஜரஹ் தஃதீல்’ என்ற கலை உண்டு. அதில் பின்வந்த இளையோர் தமக்கு முந்திய பெரியோரை எடைபோட்டே ஆகவேண்டும், வேறு வழியில்லை. அதனால் அறிஞர்கள் ஓர் ஒழுங்கை வகுத்தனர். ஒருவரைப் புகழ்வதற்குக் காரணம் சொல்லத் தேவையில்லை. குறைகூறினால், ஏன் என்று விளக்கியாக வேண்டும். விளக்கமற்ற குறை ஏற்கப்படாது என்பது அவர்களிற் பெரும்பாலோர் கொள்கை. ஒரே காலத்தவர் ஒருவர்மேல் ஒருவர் கூறும் குறையையும் எளிதில் ஏற்பதில்லை. பொறாமை கலந்திருக்கலாம் என்று ஐயுறுவர். மாணவப் பருவத்தில் இதை மனப்பாடம் செய்தபோது வெறும் விதியென்றே நினைத்தேன். சுபேதார் சாஹிபின் கதையைக் கேட்ட பிறகுதான் அது யாருக்காக எழுதப்பட்டது என்று விளங்கியது.

நம் நாட்டு நீதிமன்றமும் பிற்காலத்தில் ஏறத்தாழ இதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. எல்லைப்புறச் சாலைப் பிரிவில் பொறியாளராயிருந்த தேவ் தத் என்பவருக்கு ஓராண்டு இரகசிய அறிக்கையில் ‘நன்று’ என்று எழுதியிருந்தார்கள். பதவி உயர்வுக்கு ‘மிக நன்று’ வேண்டும். குறை சொல்லப்படாததால் அவருக்குத் தெரிவிக்கப்படவும் இல்லை, உயர்வும் கிடைக்கவில்லை. புகழ்ச்சியே ஒருவரைக் கவிழ்க்கக்கூடும் என்பதற்கு இதனைவிடச் சான்று வேண்டுமா? 2008இல் உச்ச நீதிமன்றம், அரசு ஊழியரைப் பற்றி எழுதப்படும் ஒவ்வொரு குறிப்பும், நல்லதாயினும் தீயதாயினும், அவருக்குத் தெரிவிக்கப்பட வேண்டும் என்று தீர்ப்பளித்தது. 2013இல் மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அதனை உறுதிப்படுத்தியது. ஆனால் 2008ஆம் ஆண்டுத் தீர்ப்பிலேயே ஒரு விலக்கு உண்டு: இராணுவத்தாருக்கு இது பொருந்தாது.

இத்தீர்ப்பைப் பற்றி நான் சொன்னபோது சுபேதார் சாஹிப் விலக்கு வரையில் பொறுமையாகக் கேட்டார். பிறகு, “அப்படியென்றால் அந்தத் தொழிற்சாலைப் பிள்ளை தேவலாம், ஹஜ்ரத். மூன்று மார்க்கு என்று என் கையிலேயே கொடுத்துவிட்டதே” என்றார். அதோடு நில்லாமல், மதிப்பிடப்பட்டவரின் கருத்து என்று கீழே விட்டிருந்த இரண்டு வரி இடத்தில், சென்ற கோடையில் பண்டகசாலையில் தீப்பிடித்த இரவு காவலாளிகளை எப்படி நிறுத்தினார் என்பதைத் தமிழிலேயே எழுதி, அப்பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாராம். வாசித்த பிள்ளை, ‘சார், இது எனக்குத் தெரியாதே’ என்றதாம். அது அவ்வேலையில் சேருவதற்கு ஒரு மாதம் முன்பு நடந்தது.

அந்தக் கேப்டன் இப்போது கர்னல். ஈகைத் திருநாளன்று எங்கிருந்தாலும் தொலைபேசியில் அழைத்து வாழ்த்துச் சொல்லத் தவறுவதில்லை. இவ்வாண்டு அழைத்தபோது சுபேதார் சாஹிப் துணிந்து கேட்டுவிட்டார்: “சாப், அந்த வருஷம் என்னைப் பற்றி என்ன எழுதினீர்கள்?”

மறுமுனையில் சற்று நேரம் பேச்சில்லை. பிறகு கர்னல், “நன்றாகத்தான் எழுதியிருப்பேன், சாஹிப். எனக்கு நினைவில்லை” என்றார்.